பெட்டிக்குள் காலப்பிரமாணம்

(மும்பை மாட்டுங்காவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்த நேரத்திலிருந்து இந்த அரங்கில் ஒரு தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றரைக் கட்டை சுருதி. மீட்டுவது யார் என்று முன்வரிசை அம்மா ஒருவர் மேடையின் இரண்டு ஓரத்தையும் எட்டிப் பார்த்தார்கள். நானும் கவனித்தேன். அம்மா, மீட்டுகிறவர் யாரும் இல்லை. இதோ மேசைமேல் இருக்கிறதே இந்த அலுமினியப் பெட்டி, ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், நாலு விரல் உயரம், இதிலிருந்துதான் சுருதி வருகிறது. இதே பெட்டியில் நாகஸ்வரம் இருக்கிறது, தவில் இருக்கிறது, நாற்பது வயலின்கள் இருக்கின்றன. பாடுகிறவர் குரலைப் பதிவு செய்யும், பாட்டைக் கோத்துத் தரும், மேடையில் என்னோடு சேர்ந்து வாசிக்கவும் செய்யும். கடையில் வாங்கியது இல்லை. நம் ஊர்க் கைகள் கட்டியது. இசைக்கென்று ஒரு சின்னக் கணினியை நாமே கட்டிக்கொள்வது எப்படி, அதை ஏன் நாமே கட்ட வேண்டும், இதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

கட்டத் தொடங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், தாராவியில் ஒரு கோயில் கொடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வருடா வருடம் எடுக்கும் விழா. எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு அன்று ஒன்பது மணிக்கு மேடை. நான் கீபோர்டு. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் எல்லா ஒலிகளையும் ஏற்றிக்கொண்டு, பெருமையோடு போயிருந்தேன். மேடையில் இடம் இல்லை. பதினெட்டு அங்குல பேஸ் ஸ்பீக்கர் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதன் தலைமேலேயே லேப்டாப்பை வைத்தேன். மூன்றாவது பாட்டு. கூட்டம் எழுந்து ஆடுகிறது. திடீரென்று ஒரு 'டப்'. அப்புறம் கரகரப்பு. அப்புறம் ஒன்றுமே இல்லை. பாடிக்கொண்டிருந்த பெண் அந்தரத்தில் நின்றாள். என் விரல் கட்டைமேல் இருக்கிறது, ஒலி வரவில்லை.

அந்த மௌனத்தில் யார் காப்பாற்றினார்கள் தெரியுமா? சாமி புறப்பாட்டுக்காக வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த தவில்காரப் பெரியவர். ஒரு வார்த்தை பேசவில்லை. தவிலை எடுத்துத் தோளில் மாட்டினார், பாட்டு எந்த நடையில் நின்றதோ அதே நடையில் பிடித்தார். பத்து நிமிஷம். கூட்டம் நகரவில்லை. நான் லேப்டாப்பை அணைத்துத் திறப்பதற்குள் அவர் ஒரு தனியே வாசித்து முடித்துவிட்டார். இறங்கி வந்ததும் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "தம்பி, உன் பெட்டிக்கு வேகம் தெரியுது. காலப்பிரமாணம் தெரியல."

அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. விளங்கியதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

வேகம் வேறு, காலப்பிரமாணம் வேறு. மின்னல் மாதிரி வாசிக்கிற பிள்ளை ஒன்று, இரண்டாவது ஆவர்த்தனத்தில் அரை அட்சரம் முன்னே ஓடிவிட்டால் அதை யாராவது பாராட்டுவோமா? மெதுவாக வாசித்தாலும் இடம் தவறாமல் வந்து சேர்கிறவரைத்தானே வித்வான் என்கிறோம்? கணினியும் அப்படித்தான். கடைக்காரர்கள் நமக்கு விற்பது வேகம். மேடைக்கு வேண்டியது நேரம் தவறாமை.

எப்படி? நம் லோக்கல் ரயிலை வைத்தே சொல்கிறேன்.

கணினிக்குள் ஒலி என்பது எண்கள். ஒரு வினாடிக்கு 48,000 எண்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. கூட்டமாக ரயிலில் ஏற்றி அனுப்புகிறது. ஒரு ரயிலில் 128 எண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 375 ரயில் புறப்பட வேண்டும். நம் மாட்டுங்கா ஸ்டேஷனில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்தாலே நாம் வாயைப் பிளக்கிறோம். இங்கே 2.7 மில்லி வினாடிக்கு ஒரு வண்டி. வண்டி யாருக்காகவும் நிற்காது. நேரம் வந்தால் புறப்பட்டுவிடும். கணினி 128 எண்களையும் கணக்குப் போட்டு ஏற்றி முடித்திருந்தால் சங்கீதம். ஏற்றாமல் விட்டால், வண்டி காலியாகப் போகிறது. அந்தக் காலி வண்டிதான் ஸ்பீக்கரில் நீங்கள் கேட்கும் 'டப்'.

மூன்று மணி நேரக் கச்சேரிக்கு எத்தனை வண்டி? 40 லட்சத்துக்கும் மேல். அதில் ஒன்றுகூடக் காலியாகப் போகக் கூடாது. ஒன்றே ஒன்று போனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுவிடும்.

'அப்படியானால் பெரிய ரயிலாக விடுவதுதானே? ஒரு வண்டியில் ஆயிரம் பேரை ஏற்றினால் கணினிக்கு நிதானம் கிடைக்குமே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிடைக்கும். ஆனால் ரயில் பெரிதானால், முதலில் ஏறியவர் காத்திருக்க வேண்டும். 1,024 எண்கள் கொண்ட ரயில் நிரம்ப 21 மில்லி வினாடி ஆகும். இத்தனூண்டு தாமதம் யாருக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அப்படியென்றால் ஒரு மில்லி வினாடிக்கு 34 சென்டிமீட்டர். பாடகருக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி மிருதங்கம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒலி நாலு, ஐந்து மில்லி வினாடியில் காதுக்கு வந்துவிடும். நூற்றாண்டுகளாக நம் மேடை அந்த நெருக்கத்தில் பழகியது. 21 மில்லி வினாடி என்றால் ஏழு மீட்டர். மிருதங்கக்காரரை மேடையை விட்டு இறக்கி, அதோ அந்த ஐந்தாவது வரிசையில் உட்கார வைத்து, 'அங்கிருந்தே என்னோடு சேர்ந்து வாசியுங்கள்' என்று சொல்வதற்குச் சமம். விரல் ஓரிடத்திலும் ஒலி வேறோரிடத்திலும் இருந்தால் கை தடுமாறும். துரித காலத்தில் நடை நொறுங்கிப் போகும்.

ஆகவே ரயில் சின்னதாக இருக்க வேண்டும், ஒன்றுகூடத் தவறவும் கூடாது. இசைக் கணினியின் முழுக் கலையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நம் வீட்டுக் கணினி இதில் ஏன் தோற்கிறது? அது கெட்ட இயந்திரம் என்பதால் அல்ல. எல்லோரையும் உபசரிக்கிற நல்ல வீட்டுக்காரர் அது. வைஃபை கதவைத் தட்டினால் எழுந்து போகும். வைரஸ் தேடும். புதுப் பதிப்பு இறக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்க நடுவில் கண்ணயரும். கடிதம் அடிக்கிறவருக்கு இதெல்லாம் உதவி. ஆலாபனை நடக்கும்போது வாசலில் வந்தவருக்கெல்லாம் எழுந்து போகிற பக்கவாத்தியக்காரரை யார் மேடையில் வைத்துக்கொள்வார்கள்?

சரி, இந்தப் பாதையில் நாம்தான் முதலில் நடக்கிறோமா? இல்லவே இல்லை. நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள், அதிலும் ஒருவர் இந்த ஊர்க்காரர்.

1979இல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், அவரே புல்லாங்குழல் வாசிக்கிறவர், எலெக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் ராடெல். இந்த மாட்டுங்காவில் பாட்டு வகுப்பு நடக்கும் வீடுகளில் அந்தச் சின்னப் பெட்டியின் ஒலி கேட்காத மாலை உண்டா? ஒரு கலைஞர் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொண்டார். ஊர் முழுக்க அதை எடுத்துக்கொண்டது.

1982இல் இதே பம்பாயில் சரண்ஜித் சிங். இந்திப் படப் பாடல்களுக்கு கிட்டார் வாசித்தவர். ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தார். ஜூபிடர் 8, 22 கிலோ. டி.ஆர். 808 தாளப் பெட்டி, 5 கிலோ. டி.பி. 303, ஒரு கிலோ. பத்து ராகங்களை எடுத்துக்கொண்டு டிஸ்கோ தாளத்தில் ஒரு இசைத்தட்டுப் பதிவு செய்தார். அன்று அதை வாங்க ஆள் இல்லை. சிகாகோவில் அதே டி.பி. 303ஐ வைத்துக்கொண்டு ஆசிட் ஹவுஸ் என்ற புது இசையை உலகுக்குக் கொடுத்தார்களே, அந்த முதல் தட்டு வந்தது 1987இல்! ஐந்து வருடங்களுக்கு முன்பே நம் ஊர்க்காரர் ஒருவர் ராகங்களை அதில் வாசித்து முடித்திருந்தார். 2010இல் அந்தத் தட்டு மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகம் அவரைத் தேடி வந்தது. 2015இல் மறைந்தார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி 303இல் இருந்தது. நம் காது முதலில் தேடுவது அதைத்தானே? தயாரித்தவர்கள் பேஸ் கிட்டாருக்கு மாற்றாகச் செய்த பெட்டிக்குள் அவர் ராகத்தைக் கண்டார்.

தமிழ்ப் படத்துக்கு வருவோம். 1986, 'புன்னகை மன்னன்'. இளையராஜா இசை. அதில் கணினி இசை ஒலித்ததைப் பற்றி அன்று பேசாத டீக்கடை இல்லை. அந்தக் கணினி யமஹா சி.எக்ஸ். 5 எம். அதன் நினைவகம் எவ்வளவு தெரியுமா, பிள்ளைகளே? 32 கிலோபைட். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது. அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர் திலீப். பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான். அந்த 32 கிலோபைட்டை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையை ஆட வைத்தார்கள். ஆகவே, 'என்னிடம் பெரிய மெஷின் இல்லை, அதனால் இசை வரவில்லை' என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி, இந்தப் பெட்டிக்கு வருகிறேன்.

மாட்டுங்கா ரோடில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கி, லேமிங்டன் ரோடுக்குப் போனேன். கணினியோ ரேடியோவோ கட்டுகிறவனுக்கு அந்தத் தெருதான் கோயில். ஒரு சதுர மதர்போர்டு வாங்கினேன், பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர். மினி ஐ.டி.எக்ஸ். என்பார்கள். 2001இல் வந்த அளவு இது. இன்னும் அதே அளவில் புதுப்புது போர்டுகள் வந்துகொண்டிருப்பதால், ஐந்து வருடம் கழித்து போர்டை மாற்றினாலும் பெட்டியை மாற்ற வேண்டாம். இதைவிடச் சின்னதாக, உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினியிலேயே சிந்தசைசர் கட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கையில் காசு குறைவாக இருக்கும் பிள்ளைகள் அதிலிருந்தே தொடங்கலாம். எனக்கு நாற்பது வயலின் வேண்டும், அதனால் கொஞ்சம் பெரிதாகப் போனேன்.

கொடை அன்று என் லேப்டாப் ஏன் செத்தது? அதற்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தது. முடியைவிட மெல்லிய இடைவெளியில், சுழலும் தட்டின்மேல் மிதந்துகொண்டே படிக்கிற முள் அதில் உண்டு. நான் அதைக் கொண்டுபோய் பேஸ் ஸ்பீக்கரின் தலையில் வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் முள் இடம் தவறியது, திரும்பத் திரும்பப் படிக்க முயன்றது, ரயில்கள் காலியாகப் போயின. இந்தப் பெட்டியில் சுழல்வது எதுவுமே இல்லை. எஸ்.எஸ்.டி., முழுக்கச் சில்லு. தவிலுக்குப் பக்கத்தில் வைத்தாலும் கவலை இல்லை.

ஃபேனும் இல்லை. இது பலருக்கு ஆச்சரியம். மே மாத மும்பையில், பந்தல் விளக்குகளுக்குக் கீழே, ஃபேன் இல்லாமலா? யோசித்துப் பாருங்கள். ஃபேன் காற்றை மட்டுமா இழுக்கிறது? தூசியை, ஊதுபத்திச் சாம்பலை, மழைக்கால ஈரத்தை எல்லாம் சேர்த்து இழுக்கிறது. பதிவு செய்யும்போது அதன் சத்தம் மைக்கில் விழுகிறது. ஒரு நாள் அது நின்றுவிட்டால், உள்ளே சூடு ஏறி ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நல்ல துரித காலத்தில்தான் அது நடக்கும்! அதனால் 35 வாட்டுக்குள் அடங்குகிற, நிதானமான ப்ராசஸர் ஒன்றை எடுத்தேன். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கிக்கொண்டேன். சூட்டை வெளியே கொண்டுபோக ஒரு பெரிய ஹீட் சிங்க் வேண்டும். புதிதாக வாங்கப் போனால் விலை அதிகம். தாராவியில், பழைய கணினிகளைப் பிரித்துப் போடும் கொட்டகை ஒன்றில், ஏதோ அலுவலகத்துச் சர்வரிலிருந்து கழற்றிப் போட்ட ஹீட் சிங்க் கிடைத்தது. எடை போட்டு வாங்கினேன்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்தக் கொட்டகையில் எனக்கு அதை எடுத்துக் கொடுத்த பையனின் விரல்களெல்லாம் வெட்டுக் காயம். வெறுங்கையால் போர்டு பிரிக்கிறான். பக்கத்தில் யாரோ ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள், அந்தப் புகை மூக்கை அறுக்கிறது. நம் நகரம் தூக்கி எறிவதையெல்லாம் மறுபடி பொருளாக்கித் தருகிற கைகள் அவை. ஒரு ஜோடி கையுறைகூட இல்லாமல் அவற்றை விட்டுவைத்திருக்கிறோம். இதைச் சொல்லாமல் இந்தப் பெட்டியைப் பற்றிப் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை.

மேல்கூட்டை தாராவியிலேயே ஒரு தகரப் பட்டறையில் வளைத்துக் கொடுத்தார்கள். நான் வரைந்து கொண்டுபோன அளவைப் பார்த்துவிட்டு, பட்டறை அண்ணன் பென்சிலை வாங்கி இரண்டு கோட்டைத் திருத்தினார். 'ஹீட் சிங்கை உள்ளே வச்சு மூடினா சூடு எங்க போகும்? முதுகைத் திறந்து வெளியே நிக்க விடு' என்றார். அவர் கணினி படித்தவர் அல்ல. ஆனால் வாழ்நாள் முழுக்க நெருப்போடு வேலை செய்தவர். பெட்டியின் முதுகில் துடுப்பு துடுப்பாகத் தெரிகிறதே, அது அவர் யோசனை. தோளில் மாட்டிக்கொள்ளும் இந்தத் தோல் பையும் தாராவித் தையல்தான்.

அடுத்தது மின்சாரம். மேடை வாசிக்கிறவர்கள் கவனித்துக் கேளுங்கள், இது உயிர் விஷயம்.

தெருவோர மேடைக்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது? ஜெனரேட்டர். அதே கம்பியில் சீரியல் பல்பு, அதே கம்பியில் ஐஸ்காரரின் கிரைண்டர். வோல்டேஜ் ஏறும், இறங்கும். மிக்சருக்கும் கணினிக்கும் வெவ்வேறு இடத்திலிருந்து எர்த் வந்தால், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், 50 ஹெர்ட்ஸ், எந்தச் சுருதியோடும் சேராது. இந்த ஹம்மை நிறுத்த நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பிளக்கில் இருக்கும் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். என் கண்ணால் எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்! 1972இல், பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண்முன்னே இறந்து போனார். ஈரக் கையோடு, மழையில் நனைந்த தரைமேல் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஹம் வந்தால் டி.ஐ. பாக்ஸ் போடுங்கள். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது, ஒலியை விடும், முனகலை விடாது. எர்த்தைத் தொடாதீர்கள்.

நான் இன்னொரு வழியும் கண்டேன். 12 முதல் 19 வோல்ட் வரை எது கொடுத்தாலும் ஏற்கும் போர்டு இது. அடியில் 12.8 வோல்ட், 6 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி. பெட்டி முழு மூச்சில் உழைத்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். அந்த நேரத்துக்குள் முடிகிற கச்சேரியென்றால், தொடங்குமுன் மெயின் பிளக்கையே உருவிவிடுவேன். ஜெனரேட்டர் நின்றாலும் பெட்டி நிற்காது. பிளக் போனதும் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகலும் போய்விட்டது. ஒரு நோய்க்கு மருந்து தேடப் போய் இரண்டு நோய் தீர்ந்தது. இப்போதுகூட, நன்றாகப் பாருங்கள், இந்தப் பெட்டிக்குச் சுவரிலிருந்து ஒரு ஒயரும் வரவில்லை.

உடம்பு தயார். உயிர்? மென்பொருளைச் சொல்கிறேன். நான் வைத்திருப்பது லினக்ஸ். காசு இல்லாதது. அதை நேரம் தவறாத இயக்கமாக்க உலகம் முழுக்க நிரலாளர்கள் ஏறத்தாழ 20 வருடம் பாடுபட்டார்கள். 2024இல்தான் அந்த உழைப்பு லினக்ஸின் மூலத்தோடு முழுசாகச் சேர்ந்தது. 'இசைக்கு முதல் மரியாதை, மற்றதெல்லாம் அப்புறம்' என்று இப்போது அதற்குக் கட்டளையிடலாம். வைஃபையை அணைத்தேன். கண்ணயரும் பழக்கத்தை நிறுத்தினேன். வேறெந்த வேலைக்கும் இதைத் தொடுவதில்லை, ஒரு கடிதம்கூட இதில் அடிப்பதில்லை. வீணையின்மேல் யாராவது காய் நறுக்குவார்களா?

நம் இசைக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். நம் கமகம் அந்தக் கட்டைகளுக்கு நடுவில் அல்லவா வாழ்கிறது? தோடியின் காந்தாரத்தை ஒரு கட்டையில் அழுத்திக் காட்டுங்கள் பார்ப்போம். வராது. ஆனால் 1983இல் வந்த மிடி என்ற பொது மொழியிலேயே ஸ்வரத்தை வளைக்க 16,384 படிகள் வைத்திருக்கிறார்கள். படி இருக்கிறது, ஏறக் கை வேண்டும். அதற்காக என் இடது கைக்கு ஒரு அழுத்துப் பட்டை செய்து வைத்திருக்கிறேன். ஒரு வருட சாதகம் ஆயிற்று. சகானா இப்போதுதான் கொஞ்சம் வசப்படுகிறது.

தாராவிப் பிள்ளைகளே, உங்களுக்கு இதெல்லாம் எதற்கு? 2018இல் 'காலா' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் உங்கள் தெருவின் டோப்படெலிக்ஸ் குழு பாடியது. உலகம் முழுக்கத் தமிழர்கள் கேட்டார்கள். சொல்லும் தாளமும் உங்கள் வாயிலேயே இருக்கின்றன. 90 அடி சாலைப் பொங்கலில் நீங்கள் போடும் ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பாட்டைப் பதிவு செய்ய வாடகை ஸ்டூடியோவில் மணிக்கணக்கு ஓடுகிறதே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடுகிறீர்களே, அதுதான் என் மனதை உறுத்துகிறது. உங்கள் தெருவில் தகரம் வளைக்கிறார்கள், தோல் தைக்கிறார்கள், பழைய போர்டைப் பிரிக்கிறார்கள். ஒரு இசைக் கணினிக்கு வேண்டிய கைகள் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. நல்ல லேப்டாப் ஒன்றின் விலையில் பாதிக்கும் குறைவாகத்தான் எனக்கு ஆயிற்று. நாலு பேர் சேர்ந்து ஒன்று கட்டுங்கள். கெட்டுப்போனால் எந்த ஸ்க்ரூவைத் திருகுவது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கடையில் வாங்கிய பெட்டி மேடையில் நின்றால் யாரைப் போய்க் கேட்பீர்கள்?

அந்தத் தவில்காரப் பெரியவரிடம், பெட்டி முடிந்ததும் எடுத்துப் போனேன். செம்பூரில் மகன் வீட்டில் இருந்தார், கை நடுங்கத் தொடங்கியிருந்தது. காதில் ஹெட்போன் வைக்க மாட்டேன் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். பெட்டியோடு இணைத்த, தாளம் தட்டும் பேடை மடியில் வைத்து, இரண்டு விரலால் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு மிஸ்ர நடையில் ஒரு கோர்வை, வேண்டுமென்றே எடுப்பைத் தள்ளித் தள்ளி வைத்து, பெட்டியை மடக்கப் பார்த்தார். மூன்று தடவை முடித்தார். மூன்று தடவையும் ஒலி அவர் விரலோடேயே இறங்கியது. ஒன்றும் சொல்லவில்லை. பேரனைக் கூப்பிட்டு, 'இங்க வந்து உட்காரு' என்றார்.

பேச்சு போதும். ஸ்க்ரூ டிரைவர் மேசைமேல் இருக்கிறது. மூடிக்கு நாலு ஸ்க்ரூதான். முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் மேலே வாருங்கள், அப்புறம் அந்த அம்மாவும் வரலாம். திறந்து பார்ப்போம். சுருதி ஓடிக்கொண்டே இருக்கட்டும். நின்றுவிட்டால், யார் கை எந்த ஒயரில் பட்டது என்று சேர்ந்து தேடுவோம்.